பச்சைக்குப் போன் வேண்டாம்

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. புயல் எடுத்துப் பார்த்தாள். டீச்சரம்மா.

"அப்புறம்" என்று சொல்லி அணைத்தாள். போனிடம்தான் சொன்னாள். டீச்சரம்மாவிடம் இல்லை.

அவளுடைய உண்மைப் பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்தது. நாடாளுமன்ற வளாகத்தில் அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. கதவைத் தட்டுவாள், 'வரலாம்' என்று பதில் வருவதற்குள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அதனால் புயல். மனித உரிமைகளுக்காகப் போராடும் மன்றம் ஒன்றில் அவளுக்கு வேலை. மன்றத்தில் மற்றவர்கள் வழக்குப் போட்டார்கள், கூட்டம் நடத்தினார்கள். புயல் உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். தேர்தல் ஓட்டு இல்லை. சட்டத்துக்கு ஓட்டு.

நாளைக்கு ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. சந்தேகத்தின் பேரில் பிடித்த ஆளை, வழக்கே நடத்தாமல் வருடக்கணக்கில் உள்ளே வைக்கலாம் என்று நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதற்குக் கடிவாளம் போடும் மசோதா. ஒரு வருடத்துக்குள் வழக்கை நடத்து, முடியாவிட்டால் ஆளை விடு. அதன் ஒன்பதாம் பிரிவு, ஏற்கெனவே உள்ளே கிடப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றது.

ஒன்பது இருந்தால், இப்போது புயலுக்குப் பின்னால் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருக்கும் தையல்காரியின் தம்பி வெளியே வருவான். ஒன்பது போனால் வரமாட்டான். அவன் உள்ளே போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. இன்னும் குற்றப்பத்திரிகைகூட இல்லை.

"போன்ல யாருக்கா?" என்றாள் தையல்காரி.

"டீச்சரம்மா. நம்ம ஆள்தான். பச்சை."

மன்றத்து அலுவலகச் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் அதில் ஒரு காந்தப் பொத்தான். கட்டாயம் ஆதரிப்பவர் பச்சை. கட்டாயம் எதிர்ப்பவர் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுபவர் மஞ்சள். புயலின் உலகத்தில் மனிதர்கள் இந்த மூன்று ஜாதிதான்.

பலகைக்கு மேலே அவளே மார்க்கரில் எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது. 'பச்சைக்குப் போன் வேண்டாம்.'

அனுபவத்தில் வந்த விதி அது. முன்பு ஒரு மசோதாவின்போது, ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்ட உறுப்பினர் ஒருவரிடம் நன்றி சொல்லப் போனாள் புயல். போன வாய் சும்மா இருக்குமா? மசோதாவின் அருமை பெருமைகளை இன்னொரு தடவை விளக்கினாள். "ஓ, இதுவும் அதுல இருக்கா?" என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். மறுநாள் மஞ்சள். அதற்கு மறுநாள் சிவப்பு. அன்றிலிருந்து பச்சைகளின் பக்கம் அவள் தலைவைத்தும் படுப்பதில்லை. இருக்கிற நேரமெல்லாம் மஞ்சளுக்கு.

மூன்றாவது மாடியில் இருந்தவர் மஞ்சளிலும் முற்றிய மஞ்சள். நூல் மில் வைத்திருந்ததால் மில்காரர். அவரிடம் கைவசம் நாலைந்து உறுப்பினர்கள் இருந்தார்கள். பச்சைகள் மட்டும் சேர்ந்தால் பெரும்பான்மைக்குக் கொஞ்சம் குறையும். மில்காரர் கோஷ்டி வந்தால் தாண்டிவிடலாம்.

வாசலில் அவருடைய பி.ஏ. வழிமறித்தார்.

"அரை மணி கழிச்சு வாங்க மேடம்."

"அதுவரைக்கும் சார் என்ன பண்றார்?"

"உங்களை எப்படித் தட்டிக் கழிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கார்."

"அதுக்கு அரை மணி பத்தாது. நகருங்க."

பி.ஏ. சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கதவைத் திறக்காமல் இருப்பது கஷ்டம்.

தையல்காரியை மூன்று வாரமாகத் தயார் செய்திருந்தாள் புயல். இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். அழக்கூடாது. யாரையும் திட்டக்கூடாது. கடைசி வாக்கியத்தில் 'ஒன்பது' வர வேண்டும். தையல்காரி ஒரு நூல்கூடப் பிசகாமல் ஒப்பித்தாள்.

மில்காரர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நல்லாப் பேசறீங்கம்மா. யார் எழுதிக் குடுத்தது?" என்றார்.

"இந்த அக்காதான் சார்."

புயலுக்கு இருமல் வந்தது.

"சரி. அவங்க எழுதிக் குடுக்காததை ஏதாவது சொல்லுங்க."

தையல்காரி தடுமாறினாள். அவள் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. கடையிலிருந்து நேராக வந்தவள்; அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள்.

"உங்க கோட்டு வலது தோள்ல தூக்கிட்டு நிக்குது சார்" என்றாள்.

மில்காரர் குனிந்து தன் தோளைப் பார்த்தார்.

"தச்சவர் மேல தப்பில்லை. உங்க தோளே அப்படி. எனக்குப் பார்த்தா தெரிஞ்சிடும். தம்பியையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சுத்தான் காட்டுவாங்க, தொட விடமாட்டாங்க. கண்ணாலயே அளவெடுத்துட்டு வந்து சட்டை தச்சுக் குடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு சட்டைக்கும் துணி கம்மியாத்தான் செலவாகுது சார்."

மில்காரர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருக்கற சிக்கலையும் கேளுங்க" என்றார் பிறகு. "எங்க ஊர்ல ஒரு போலீஸ்காரரைக் குத்திக் கொன்ன கும்பல் உள்ளே இருக்கு. அவங்க கேசும் இன்னும் நடக்கலை. ஒன்பது இப்படியே பாஸானா உங்க தம்பியோட அவங்களும் வெளிய வந்துடுவானுங்க. அந்தப் போலீஸ்காரர் சம்சாரம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. புயல் மன்றத்துத் தலைவருக்குப் போன் போட்டாள். பழுத்த வக்கீல். மூவரும் ஸ்பீக்கரில் வாதாடி ஒரு வரிக்கு வந்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைத் தானாக விட வேண்டாம். ஒரு நீதிபதி ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு கேசாகப் பார்த்து, ஆதாரம் இல்லாதவர்களை விடட்டும்.

"தம்பிமேல ஒரு துண்டு ஆதாரம் கிடையாது" என்றார் வக்கீல். "எந்த ஜட்ஜா இருந்தாலும் விட்டுடுவார். தாராளமா ஒத்துக்கோ."

"அந்த வரியை நாளைக்கு நானே எழுந்து முன்மொழியறேன்" என்றார் மில்காரர். "அது நிறைவேறினா ஒன்பதுக்கும் மசோதாவுக்கும் நாங்க எல்லாரும் ஓட்டுப் போடறோம். உங்க ஆளுங்க குறுக்க விழ மாட்டாங்களே?"

"எங்க ஆளுங்களை நான் பார்த்துக்கறேன் சார்."

வெளியே வந்ததும் தையல்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "கோட்டைப் பத்திப் பேசியிருக்கக் கூடாதுல்லக்கா?"

"அந்தக் கோட்டுதான் இன்னிக்கு ஜெயிச்சுது" என்றாள் புயல்.

லிஃப்ட்டுக்குத் திரும்பும் இடத்தில் டீச்சரம்மா நின்றிருந்தார்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று அரசியலுக்கு வந்தவர். மன்றம் கேட்ட எதற்கும் இதுவரை மறுப்புச் சொன்னதில்லை. பலகையில் அவருடைய பொத்தானை நகர்த்தியதே இல்லை. அது பலகையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும்.

"ஏம்மா புயலு, நீ போன் வச்சிருக்கறது அழகுக்கா?"

"ஓடிக்கிட்டே இருக்கேன் டீச்சர். மெசேஜ் போட்டிருக்கலாமே?"

"மெசேஜ் எழுதினா தப்பில்லாம எழுதணும். அதுக்கு நீயே பரவாயில்லைன்னு தேடி வந்தேன். ஒன்பதைப் பத்தி என்னமோ காதுல விழுந்துது…"

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒரு மஞ்சள் நின்றிருந்தார், தனியாக. அப்படி ஒரு வாய்ப்பு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

"நீங்க இருக்கும்போது ஒன்பதுக்கு என்ன டீச்சர் குறைச்சல்? நிம்மதியாப் போங்க. ஜெயிச்சாச்சு." தையல்காரியையும் இழுத்துக்கொண்டு புயல் உள்ளே தாவினாள்.

டீச்சரம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

சாயந்திரம் இரண்டு மஞ்சள்கள் பச்சையாயின. மன்றத்தில் எல்லோரும் பலகையைச் சுற்றி நின்று டீ குடித்தார்கள். வக்கீல் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்தப் புது வரியை நம்ம ஆளுங்களுக்கு, அதான், டீச்சருக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"அவங்க பச்சை சார்."

"பச்சைதான். ஆனாலும் வரி புதுசு."

"காலைல சொல்லிடறேன்."

காலையில் ஒரு மஞ்சளுக்குக் காய்ச்சல். சபைக்கு வரமாட்டேன் என்று போர்த்திப் படுத்துவிட்டார். புயல் அவர் வீட்டுக்கே போய், அவர் மனைவியைச் சரிக்கட்டி, டாக்டரைச் சரிக்கட்டி, ஆளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். வழியில் டீச்சரம்மாவின் அழைப்பு ஒரு தடவை வந்தது. காய்ச்சல்காரர் அவள் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

பார்வையாளர் மாடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். தையல்காரி முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் ஒரு புதுச் சட்டை.

"வெளிய வரும்போது போட்டுக்கறதுக்கு" என்றாள்.

சபாநாயகர் ஒன்பதாம் பிரிவுக்கு வந்தார். மில்காரர் எழுந்தார். அந்த ஒரு வரியைப் படித்தார். "இந்த மாற்றத்தைச் சபை ஏற்க வேண்டுகிறேன்" என்று உட்கார்ந்தார்.

டீச்சரம்மா எழுந்தார்.

எதற்கு எழுகிறார் என்று ஒரு கணம் புயலுக்குப் புரியவில்லை. மறுகணம் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான், கடைசி நேரத்தில் 'ஒரே ஒரு வரி' என்று எவரோ எழுந்து, மன்றம் பாடுபட்டுக் கொண்டுவந்த இன்னொரு மசோதாவின் கழுத்தை அறுத்தார். அதற்குப் பிறகு டீச்சரம்மாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தது யார்? புயலேதான். 'யாராவது கடைசி நிமிஷத்துல ஒரு வரின்னு எழுந்தா விடவே விடாதீங்க டீச்சர். நமக்குத் தெரியாம வர்ற வரி நமக்குக் குழிதான்.' டீச்சரம்மா நல்ல ஆசிரியை. அதைவிட நல்ல மாணவி.

"ஒரு வரிதானே என்கிறார் உறுப்பினர்" என்றார் டீச்சரம்மா. பின்வரிசை வரைக்கும் பேச்சு அடங்கிவிட்டது. "எங்களுக்குத் தெரியாமல் வருகிற வரி எங்களுக்குத் தோண்டும் குழி. உள்ளே கிடக்கிற பிள்ளைகளை ஒன்பதாம் பிரிவு விடச் சொல்கிறது. இவர் மறுபடி ஒரு நீதிபதியின் வாசலில் போய் நிற்கச் சொல்கிறார். அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொட விடமாட்டேன்."

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரிடம் வக்கீல் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தார். அவர் பாதி எழுந்து, "இல்லை, இது நமக்குச் சம்மதமான…" என்றார்.

"நீங்களுமா?" என்று திரும்பினார் டீச்சரம்மா. வீட்டுப்பாடம் செய்யாத பையனைப்போல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பச்சைகள் மேசையைத் தட்டின. மசோதாவைக் கொண்டுவந்தவரைத் தவிர ஒரு பச்சைக்கும் விஷயம் தெரியாது. மற்ற எந்தப் பச்சைக்கும் யாரும் போன் செய்திருக்கவில்லை.

தையல்காரியின் கண் பளபளத்தது. "எனக்காக எப்படிப் பேசறாங்க பாருங்கக்கா."

புயல் கைப்பையைத் துழாவி ஒரு சீட்டைக் கிழித்து, 'டீச்சர், அது நம்ம வரி. ஆதரிங்க' என்று கிறுக்கி மாடத்துக் காவலரிடம் நீட்டினாள்.

"மாடத்துலேருந்து சபைக்குச் சீட்டு போகக் கூடாதும்மா."

"உயிர் போற விஷயம்ங்க."

"இங்க வர்ற எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க."

அவரைத் தாண்டி ஓடினாள். படிகளில் தடதடவென்று இறங்கினாள். எத்தனையோ கதவுகளைப் பதிலுக்குக் காத்திராமல் திறந்தவள். சபைக்கு வெளியே உள்ள கூடத்தைத் தொட்டபோது வாக்கெடுப்பு மணி ஒலித்தது. பித்தளைப் பிடி போட்ட பெரிய கதவை இரண்டு பணியாளர்கள் இரு பக்கமும் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மூடும் இடுக்கில் டீச்சரம்மாவின் முதுகு தெரிந்தது. நிமிர்ந்த முதுகு.

"டீச்சர்" என்றாள் புயல். கதவு சாத்தியாகிவிட்டது. எல்லா வாக்கெடுப்பும் முடியும்வரை அது திறக்காது.

மற்றதைக் கூடத்து ஒலிபெருக்கியில் கேட்டாள். மில்காரரின் வரி தோற்றது. சிவப்புகளோடு பச்சைகளும் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தன. அடுத்து, ஒன்பதாம் பிரிவை அடியோடு நீக்க வேண்டும் என்று ஒரு சிவப்பு கொண்டுவந்த தீர்மானம். அவமானப்பட்டு உட்கார்ந்திருந்த மில்காரர் தன் கோஷ்டியோடு அதற்குக் கை தூக்கினார். ஜெயித்தது. ஒன்பது இல்லாத மசோதாவும் மில்காரர் கோஷ்டியின் ஓட்டோடு கொஞ்ச நேரத்தில் ஜெயித்தது.

கதவு திறந்தது. கும்பலாக வெளியே வந்தவர்கள் புயலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாழ்த்துகள், பெரிய விஷயம், சரித்திரம் என்றார்கள். மில்காரர் அவள்முன் ஒரு நொடி நின்றார்.

"உங்க ஆளுங்களை நீங்க பார்த்துக்கறேன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டீச்சரம்மா கடைசியாக வந்தார். உள்ளேயே யாரோ அவர் காதில் சொல்லிவிட்டிருக்க வேண்டும். கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அது நம்ம வரியாம்மா?"

"ஆமா டீச்சர்."

"ஒன்பதைக் கொஞ்சம் மாத்தினா உங்களுக்குச் சம்மதமான்னு மில்காரரோட பி.ஏ. கேட்டான். நம்ம பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டு பதில் சொல்றேன்னேன். அதுக்குத்தாம்மா போன் பண்ணேன்."

புயல் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"நான் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டேன்" என்றார் டீச்சரம்மா. "தொண்டை கட்டற வரைக்கும் பேசினேனே."

"தப்பு உங்களுது இல்லை டீச்சர். நான் எடுத்திருக்கணும்."

"எடுத்திருக்கலாம்" என்றார். மிக மெதுவாக. அவர் திட்டவேயில்லை.

மாடத்திலிருந்து தையல்காரி இறங்கி வந்தாள். சட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மூன்று தடவை ஓட்டுப் போட்டதில் எது எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து கை தட்டியது மட்டும் விளங்கியிருந்தது.

"எப்போக்கா விடுவாங்க?"

புயல் அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். சொன்னாள். தன் போனைப் பற்றியும் சொன்னாள், விட்டுவிடாமல். தையல்காரி கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தாள். விரித்தாள். தையலை ஒட்டி மறுபடி மடித்தாள்.

"அப்போ இனிமே பிடிக்கறவங்களுக்குத்தான் ஒரு வருஷம். முன்னாடியே பிடிச்சவங்களுக்கு இல்லை."

"ஆமா."

"எங்க கதையைச் சொல்லித்தானேக்கா எல்லார்கிட்டயும் கேட்டோம்?"

மடித்த சட்டையை அவள் கைக்கடியில் இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்குப் பார்க்க விடற நாள்" என்றாள் தையல்காரி. "நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க. எனக்கு நீங்க சொல்லிக் குடுத்ததுதான் வரும். இதை நீங்க சொல்லிக் குடுக்கலை."

சிறையின் பார்வையாளர் அறையில் வரிசையாகக் கண்ணாடித் தடுப்புகள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவனின் சட்டை அவனுக்கு ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. போனை எடுத்தவுடன் கொட்டினான்.

"நீங்கதான் புயலக்காவா? அக்கா வாய் ஓயாம சொல்லுவா. வார்டர் ரேடியோல கேட்டுட்டு வந்து சொன்னாருக்கா, சட்டம் பாஸாயிடுச்சுன்னு. பிளாக் பூரா தட்டைத் தட்டி ஒரே அமர்க்களம். யாரோ ஒரு டீச்சராமே? ஒரு எழுத்தைக்கூடத் தொட விடமாட்டேன்னாங்களாமே? அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. நான் மூட்டையெல்லாம் கட்டிட்டேன். தலையணையைப் பக்கத்துப் பாயில படுக்கறவருக்குக் குடுத்துட்டேன். பாவம், வயசானவர், கையை மடிச்சு வச்சுத்தான் தூங்குவார். கெட்டியா வச்சுக்கோங்க பெரியப்பா, இனிமே எனக்கெதுக்குன்னு சொல்லிட்டேன். மனுஷன் அழுதுட்டார்."

புயல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பேச்சையும் இரண்டு நிமிடத்துக்குள் மடக்கத் தெரிந்தவள், முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல்காரி கண்ணாடி வழியாகத் தம்பியின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் புயல். "நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளு. தப்பு என்மேல."

சொன்னாள். இரண்டு நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. பலகை, பச்சை, மில்காரர், டீச்சரம்மா, எடுக்காத போன் எல்லாம். அவன் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. போவதா இருப்பதா என்று தெரியாமல் உதட்டில் நின்றது.

 கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"இனிமே வர்றவங்களுக்காவது ஒரு வருஷத்துல கேஸ் நடக்குமா?"

"நடக்கும்."

"சரி" என்றான். தலையைக் குனிந்து மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். பிறகு நிமிர்ந்து, இந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக, உதவி கேட்கிறவனைப்போல் அவளைப் பார்த்தான்.

"அந்தப் பெரியப்பாகிட்டேருந்து தலையணையை எப்படிக்கா திருப்பிக் கேக்கறது?"